பழைய காரின் புகைக்குழாய்



அடுப்பில் விறகு எரிந்தால் புகை வரும். அந்தப் புகை வெளியே போக வழியில்லாவிட்டால், சமைப்பவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமுவார். காரின் இயந்திரமும் ஒருவகையில் அடுப்புத்தான். அதில் விறகுக்குப் பதிலாகப் பெட்ரோல் எரிகிறது. எரிந்த புகையை வண்டியின் அடிப்புறமாகக் கொண்டுபோய்ப் பின்னால் விடுவதற்கு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதைப் புகைக்குழாய் என்கிறோம். பட்டறைகளில் அதற்கு 'எக்சாஸ்ட்' என்று பெயர்.

அடுப்புப் புகை கண்ணைக் கரித்து, நம்மை வெளியே விரட்டிவிடும். காரின் புகையில் கலந்து வரும் கொடிய நஞ்சு அப்படிச் செய்யாது. அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. ஓட்டை விழுந்த புகைக்குழாயோடு ஓடும் பழைய கார், தன்னுள் உட்கார்ந்திருப்பவர்களுக்கே எமனாகிவிடலாம். ஆகவே புகைக்குழாய் எப்படிக் கெடுகிறது, கெட்டதை எப்படி அறிவது, எப்படி மாற்றுவது என்பதை இன்று விளக்கமாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நம்மில் பெரியவர்களுக்கு 'மோரிஸ் மைனர்' கார் நினைவிருக்கும். முட்டையைப் போல் உருண்டு திரண்ட உருவம், முன்புறத்தில் இரண்டு வட்ட விளக்குகள். 1948-ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே, பிறகு 1959-இல் வெளிவந்த 'மினி' காரையும் வடிவமைத்தார். பிரிட்டனில் 10 இலட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் கார் என்ற பெருமை மோரிஸ் மைனருக்கு உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நம் நாட்டுச் சாலைகளில் அது சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. அதிலேயே கித்தான் துணிக் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடும்படியான ஒரு வகையும் இருந்தது. அந்த வகை 1969 வரை செய்யப்பட்டது.

'அந்தக் கார் நம் வீட்டில் இல்லையே, அதைப் பற்றி நாம் ஏன் கேட்க வேண்டும்?' என்று சிலர் எண்ணலாம். காரணம் இரண்டு. பழைய கார்களை ஆசையோடு வாங்கிச் செப்பனிட்டு ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்த இளைஞனுக்குப் பட்டறையில் மதிப்புண்டு. நம் பிள்ளைகள் கையில் ஒரு தொழில் இருப்பது நல்லதுதானே? இது முதல் காரணம். அடுத்தது, இந்தக் காரைப் பற்றிக் கற்றுக்கொள்வதை 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா முதற்கொண்டு எந்தப் பழைய வண்டிக்கும் பயன்படுத்தலாம். கூரை இல்லாத காரில் ஆபத்துச் சற்று அதிகம். அங்கே தெளிவானது எங்கும் தெளிவாகும்.

முதலில் புகைக்குழாயின் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். இயந்திரத்தின் பக்கவாட்டில் வார்ப்பிரும்பால் ஆன ஒரு கிளைக்குழாய் இருக்கிறது. நான்கு சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை அது ஒன்றாகச் சேர்க்கிறது. அதை 'மெனிபோல்ட்' என்பார்கள். அதிலிருந்து கீழே இறங்கும் குழாய், முன்குழாய். அடுத்து வருவது, வயிறு பருத்த தகரப் பெட்டியைப் போன்ற சைலன்சர். அதன் பின்னால் வண்டியின் வால்வரை செல்வது வால்குழாய். இவற்றை இணைக்கக் கிளாம்புகளும், வண்டியின் அடியில் தொங்கவிட ரப்பர் பட்டைகளும் உண்டு.

சைலன்சர் எதற்கு? இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு வெடிப்புகள் நிகழும். அப்படியானால் நிமிடத்துக்கு 6,000 வெடிப்பு. ஒரு நொடிக்கு 100 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் ஒரு பட்டாசுபோல் குழாய்க்குள் பாய்கிறது. சைலன்சருக்குள் துளையிட்ட குழாய்களும் தடுப்புத் தகடுகளும் இருக்கின்றன. புகை அவற்றில் புகுந்து, பரவி, வேகம் குறைந்து, சத்தம் அடங்கி வெளியேறுகிறது.

ரப்பர் பட்டை எதற்கு? இயந்திரம் ஓடும்போது அசைந்துகொண்டே இருக்கும். அதோடு பிணைக்கப்பட்ட குழாயும் அசையும். மேலும் இரும்பு சூடேறினால் நீளும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 2 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீண்டுவிடும். குழாயை அசையாதபடி இறுக்கிக் கட்டினால் எங்கேயாவது வெடித்துத்தான் தீரும். வளைந்து கொடுக்கும் ரப்பர் அந்த அசைவையும் நீட்சியையும் தாங்கிக்கொள்கிறது. நம் தாய் தந்தையர் விடியற்காலையில் சீவிய பால்மரத்தின் பால், பல்லாண்டுக் காலமாக உலகத்துக் கார்களின் இயந்திரத்தையும் குழாயையும் இப்படித் தாங்கி வந்திருக்கிறது. வெப்பம் அதிகமான இடங்களில் இப்போது செயற்கை ரப்பரையும் பயன்படுத்துகிறார்கள்.

இனி, குழாய் ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். மழையும் சேறும் வெளியிலிருந்து அரிப்பது உண்மைதான். ஆனால் பெரிய எதிரி உள்ளேயே இருக்கிறான். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். குழாய் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த ஆவி அப்படியே வெளியே போய்விடும். வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைவரை போய்த் திரும்பினால் சைலன்சர் சூடேறுவதற்கு நேரமில்லை. ஆவி குளிர்ந்து நீராகி உள்ளேயே தேங்கிவிடும். எரிந்த புகையிலுள்ள அமிலமும் அதில் சேரும். இரும்பு உள்ளிருந்து வெளியாக அரிக்கப்படும். இதனால்தான் வெளியே பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் சைலன்சர், ஒருநாள் திடீரென்று அப்பளம்போல் உடைந்துவிடுகிறது. வாரத்தில் ஒருமுறையாவது வண்டியை அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் உள்ளே தேங்கிய நீர் காய்ந்துவிடும். குழாயும் நீண்ட நாள் உழைக்கும்.

கெட்ட குழாயை அறிந்துகொள்ள என்னென்ன அடையாளங்கள்? வண்டியின் சத்தம் தடித்துப் போகும். முடுக்கியை விட்டு வேகத்தைக் குறைக்கும்போது 'பட், பட்' என்று வெடிக்கும். மேடுபள்ளத்தில் அடியில் ஏதோ இடிக்கும். இணைப்புகளில் கரி படிந்திருக்கும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது சைலன்சரைத் திருப்புளியின் மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'கணீர்' என்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தையாக ஒலிக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். இயந்திரத்தைத் தொடங்கியவுடன், குழாய் சூடேறுவதற்கு முன், ஒருவர் ஈரத்துணியை மடித்து வால்குழாயின் வாயைச் சில விநாடி அடைக்க வேண்டும். குழாய் முழுமையாக இருந்தால் துணியை அழுத்தித் தள்ளும், இயந்திரம் திணறும். எங்கேயாவது ஓட்டை இருந்தால் அங்கே 'உஸ்' என்று காற்று சீறும். அது வருமிடத்தைக் காதால் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த இடத்தில் அந்த நஞ்சைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. நம் இரத்தத்திலுள்ள செவ்வணுக்கள் நுரையீரலிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டு உடலெங்கும் கொடுக்கின்றன. இந்த நச்சு வாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு செவ்வணுவில் ஒட்டிக்கொள்ளும். பேருந்தில் நமக்குரிய இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுப்பதைப்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராணவாயுவுக்கு இடமில்லை. மூளையும் இதயமும் அதற்காகத் தவிக்கின்றன. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல், தூக்கக் கலக்கம். தூங்கிவிட்டவர் எழுந்திருக்கவே மாட்டார். காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இந்த வாயு கலந்தாலே சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. சரியாகச் சீர்செய்யப்படாத பழைய இயந்திரம் நின்ற இடத்தில் ஓடும்போது, அதன் புகையில் நூற்றில் 3 அல்லது 4 பங்கு இந்த வாயுவாக இருக்கக்கூடும். புதிய கார்களின் குழாயில் நஞ்சைக் குறைக்கும் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. மோரிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் அது கிடையாது.

துணிக்கூரைக் காரில் ஆபத்து ஏன் அதிகம்? கார் முன்னோக்கி ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம், வால்குழாயிலிருந்து வரும் புகையை மீண்டும் வண்டியை நோக்கியே இழுக்கிறது. கூரையைத் திறந்து ஓட்டினால், சுழன்று வரும் காற்று பின் இருக்கைக்குள் விழும். மழைக்காகக் கூரையை மூடினாலோ, துணியின் கிழிசல் வழியாகவும், பின் சன்னலின் இடுக்கு வழியாகவும் புகை நுழையும். நுழைந்த புகைக்கு வெளியேற வழி இருக்காது. இது போதாதென்று பழைய காரின் தரைத்தகடும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். சைலன்சர் அதற்கு நேர்கீழே இருக்கும். பின் இருக்கையில் யார் உட்காருவார்கள்? நம் குழந்தைகள். 'காரில் ஏறினால் பிள்ளை தூங்கிவிடுகிறது' என்று மகிழ்கிறோம். தலைவலியோடும் குமட்டலோடும் தூங்குகிறது என்றால் அது தாலாட்டுத் தூக்கமல்ல. உடனே வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்கு வர வேண்டும். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 999 எண்ணுக்கு அழைக்கலாம். இரத்தத்திலிருந்து இந்த நஞ்சு நீங்கப் பல மணி நேரமாகும். ஆகையால் 'இப்போது தெளிந்துவிட்டான்' என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. பிள்ளை பெறவிருக்கும் தாய்மார்களும் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

ஓட்டையைப் பால் டின் தகட்டால் சுற்றிக் கம்பியால் கட்டிவிட்டுப் பல மாதம் ஓட்டுகிறவர்கள் உண்டு. பட்டறை வரைக்கும் போய்ச்சேர அது உதவலாம். அதற்குமேல் அதை நம்பக் கூடாது. சுற்றியுள்ள இரும்பே அரித்துப்போயிருக்கும்போது, ஓட்டுப் போட இடம் எங்கே?

இனி மாற்றும் முறைக்கு வருவோம். புதிய குழாய் சாதாரண இரும்பிலும் கிடைக்கிறது. துருப்பிடிக்காத எவர்சில்வரிலும் கிடைக்கிறது. முன்னது விலை குறைவு, ஆயுளும் குறைவு. பின்னது விலை அதிகம், ஆனால் நெடுநாள் உழைக்கும். எதை வாங்கினாலும் கிளாம்பு, ரப்பர் பட்டை, நட்டு, போல்ட்டு ஆகியவற்றையும் புதிதாகவே வாங்க வேண்டும். புதுக்குழாயைப் பழைய ரப்பரில் தொங்கவிடுவது, புதுப்பானையை இற்றுப்போன உறியில் வைப்பதற்கு ஒப்பாகும்.

வேலைக்கு முதல் நாள் மாலையில், துருப்பிடித்த நட்டுகளுக்கெல்லாம் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். ஓடி வந்த வண்டியின் குழாயைத் தொட்டால் கை வெந்துவிடும்.

வண்டியை உயர்த்துவதில்தான் உயிர் இருக்கிறது. செம்மண் தரை வேண்டாம். சமமான சிமெந்துத் தரை வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கைப் போட்டு, பிறகு ஜாக்கியால் உயர்த்த வேண்டும். உயர்த்தியதும் இரும்புத் தாங்கிகளை வைத்து, வண்டியை அவற்றின்மேல் இறக்கிவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் போகக் கூடாது. செங்கல்லும் சிமெந்துக் கல்லும் உதவா. பாரம் ஏறினால் அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கிவிடும். தாங்கியில் நிற்கும் வண்டியைக் கையால் நன்றாக அசைத்துப் பார்த்துவிட்டே உள்ளே போக வேண்டும். தனியாக வேலை செய்யாமல், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

கூரையில்லாத காருக்கு இங்கே ஒரு தனிக் கவனம் தேவை. மூடிய காரில் கூரையும் சேர்ந்து வண்டியின் உடலைத் தாங்குகிறது. துணிக்கூரைக் காரில் அந்தப் பாரம் முழுவதும் தரைத்தகட்டின்மீதும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கச்சட்டங்களின்மீதும் விழுகிறது. அவை துருப்பிடித்திருந்தால், அங்கே ஜாக்கியை வைத்தவுடன் தகடு உள்ளே நசுங்கிவிடும். ஆகவே உறுதியான இடத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வண்டி உயர்ந்து நிற்கும்போது கதவுகளைத் திறக்காதீர்கள். உடல் சிறிது வளைந்திருந்தால் திறந்த கதவு மறுபடி மூடாது.

கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். அண்ணாந்து படுத்து வேலை செய்யும்போது துருத்தூள் நேரே கண்ணில் விழும். இனிப் பின்புறத்திலிருந்து கழற்றத் தொடங்கலாம். அசையாத நட்டை முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்திப் பாருங்கள், துரு விட்டுக்கொடுக்கும். பழைய குழாய் எப்படியும் எறியப்படப் போவதால், தேவையானால் இரும்பறுக்கும் வாளால் அறுத்து எடுத்துவிடலாம். ஆனால் நெருப்பு வேண்டாம். மோரிஸ் மைனரின் பெட்ரோல் தொட்டி, பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு அடியிலேயே இருக்கிறது. வால்குழாய் அதற்கு அருகில் ஓடுகிறது. அங்கே தீச்சுடரைக் காட்டுவது வெடிமருந்துக் கிடங்கில் சுருட்டுப் பற்றவைப்பதற்குச் சமம்.

முன்குழாய் மெனிபோல்டோடு சேருமிடத்தில் மட்டும் பொறுமை வேண்டும். வார்ப்பிரும்பு முரட்டுத்தனத்தைத் தாங்காது. விரிசல் விட்டால் செலவு பல மடங்காகிவிடும். அந்த இணைப்பின் முகத்தைக் கரியும் துருவும் இல்லாமல் சுரண்டித் துடைக்க வேண்டும்.

பழையதைத் தரையில் கிடத்தி, புதியதை அதன் பக்கத்தில் வைத்து, வளைவும் நீளமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். தரைத்தகட்டில் ஓட்டைகள் இருந்தால், குழாய் இல்லாத இந்த நேரத்திலேயே அவற்றை அடைத்துவிட வேண்டும். பிறகு புதுக்குழாயை முன்னிருந்து பின்னாக மாட்டுங்கள். இணைப்புகளில் அதற்கென்று விற்கும் பசையைத் தடவுங்கள். எதையும் உடனே இறுக்கிவிடாதீர்கள். எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, குழாய் தரைத்தகட்டிலோ பிரேக் குழாயிலோ பின் அச்சிலோ உரசாமல் இருக்கும்படி திருப்பி வையுங்கள். பின் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது அச்சு கீழே இறங்கியிருக்கும். வண்டி தரையில் நின்றால் அது மேலேறும். அந்த அசைவுக்கும் இடம் விட வேண்டும். வால்குழாயின் வாய் வண்டியின் உடலைத் தாண்டிச் சற்று வெளியே நீண்டிருக்க வேண்டும். உள்ளடங்கி நின்றால் புகை வண்டிக்கடியிலேயே சுற்றும். எல்லாம் சரியாக அமைந்த பிறகு, முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.

வண்டியை இறக்கி, வெளியே தள்ளிக்கொண்டுவந்து, திறந்த வெளியில் இயந்திரத்தை ஓட்டிப் பாருங்கள். புதுக்குழாயின்மேல் உள்ள எண்ணெய் சூட்டில் சிறிது புகையும். அதற்கு அஞ்ச வேண்டாம். முன்சொன்ன ஈரத்துணிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். சிறிது தூரம் ஓட்டித் திரும்பி, குழாய் ஆறியபின் எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும். சூட்டில் நீண்டு, குளிரில் சுருங்கிய இரும்பு சிறிது தளர்ந்திருக்கும். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் மறுபடி சத்தம் வருவதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

பட்டறையில் கொடுத்து மாற்றுகிறவர்கள், கழற்றிய பழைய குழாயைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அது உங்கள் உரிமை. பட்டறையில் வேலை செய்யும் தம்பிமார்கள், கேட்கும் முன்பே காட்டிவிடுங்கள். நம்பிக்கை அப்படித்தான் வளரும். சத்தம் அதிகமாக வரும்படி குழாயை மாற்றி அமைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு சைலன்சரின் விலை பெரிதாகத் தோன்றலாம். மாதக் கடைசியில் அப்படித் தோன்றுவது இயல்பே. விளக்கு மங்கினால் பொறுத்திருந்து மாற்றலாம். இருக்கையின் துணி கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். புகைக்குழாயில் ஓட்டை விழுந்த வண்டியில் மட்டும் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். மாற்றும்வரை வண்டி நிற்கட்டும்.